லீஃப்ஸா, மார்லீஸா, செப்ரர்ஸா, ஜெனரல்ஸா? ரொறன்ரோவின் கிழக்கிலிருந்து ஹொக்கி பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு

ஒக்ரோபர் பிறந்து வீட்டுக்குள் ஹீற்றர் ஓடத் தொடங்கியதும், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் இருக்கும் உறவினர்களிடமிருந்து ஆண்டுதோறும் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது: "பிள்ளையளை ஒரு ஹொக்கி ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும். எதுக்குப் போகலாம், அண்ணை?" கேட்பவர்களில் பெரும்பாலானோர் மனத்தில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கும். அது ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ். அதன் விலையைத் தேடிப் பார்த்த பிறகுதான் அவர்கள் என்னிடம் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இம்முறை தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்வதை விட்டு, நான்கு அணிகளையும் ஒன்றாக வைத்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நான்கு அணிகள் என்று சொன்னேன். முதலாவது, உலகின் மிக உயர்ந்த ஆண்கள் லீக்காகிய என்எச்எல்-இல் ஆடும் லீஃப்ஸ். இரண்டாவது, லீஃப்ஸுக்கு அடுத்த படியில், ஏஎச்எல்-இல் ஆடும் ரொறன்ரோ மார்லீஸ். மூன்றாவது, 2024 ஜனவரி 1-ஆம் திகதி தொடங்கிய பெண்களுக்கான தொழில்முறை லீக்காகிய பிடபிள்யூஎச்எல்-இல் ஆடும் ரொறன்ரோ செப்ரர்ஸ். நான்காவது, பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரையிலான இளைஞர்கள் ஆடும் ஒன்ராறியோ ஹொக்கி லீக்கைச் சேர்ந்த, அதாவது ஓஎச்எல்-ஐச் சேர்ந்த, ஒஷாவா ஜெனரல்ஸ். மேற்கே பிரம்ரனிலும் ஓர் ஓஎச்எல் அணி உண்டு. நமது வீடுகளிலிருந்து அங்கே போவதென்றால் 401 நெடுஞ்சாலையின் மிக மோசமான பகுதியைக் கடக்க வேண்டியிருப்பதால், அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன்.

பலர் இந்த நான்கையும் ஓர் ஏணியின் படிகளாகப் பார்க்கிறார்கள். மேலே என்எச்எல், அதன் கீழே ஏஎச்எல், அதற்கும் கீழே ஓஎச்எல் போன்ற ஜூனியர், பெண்கள் லீக் எங்கோ ஒரு பக்கத்தில் என்பது அவர்கள் கணக்கு. ஆட்டத்தின் வேகத்தை மட்டும் அளந்தால் இந்த வரிசையில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பணம் கொடுத்து இருக்கையில் போய் உட்காருகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நான் கருதுகிறேன். அந்த அரங்கில் நடக்கும் ஆட்டம் யாருக்காக நடக்கிறது? அன்றைய வெற்றியும் தோல்வியும் அந்த அணிக்கே சொந்தமா, அல்லது வேறு யாருடைய தேவைக்காகவோ நடத்தப்படும் ஒத்திகையா? நான்கு அணிகளையும் இந்தக் கேள்வியைக் கொண்டு பார்த்தால், ஏணியில் தெரியாத வேறுபாடுகள் தெரியத் தொடங்கும்.

லீஃப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூனியன் நிலையத்தோடு ஒட்டியிருக்கும் ஸ்கோஷியாபாங்க் அரீனாவில், 18,000-க்கு மேற்பட்டோர் நடுவே உட்கார்ந்து பார்க்கும்போது கிடைக்கும் உணர்வு வேறு எங்கும் கிடைக்காது. ஒஸ்ரன் மத்தியூஸ் 2023-24 பருவத்தில் லீஃப்ஸுக்காக 69 கோல்கள் அடித்தவர். அவர் குச்சியிலிருந்து பக், அதாவது ஐஸில் வழுக்கிச் செல்லும் இறப்பர் வட்டு, புறப்படும் விதத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றல்ல, ஏனெனில் கமரா பக்கைத் தொடர்ந்து போவதால், அடிப்பதற்கு முன் அவர் தனக்கான இடத்தை எப்படி உண்டாக்கிக்கொள்கிறார் என்பது திரையில் விழுவதே இல்லை. ஆனால் மேல்மாடத்தின் கடைசி வரிசைகளில் ஓர் இருக்கைக்குக் கொடுக்கும் பணத்தில், ஒஷாவாவில் நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று நல்ல இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். பருவச் சீட்டு வாங்குவது பற்றிப் பேச்சே இல்லை. அதற்கான காத்திருப்போர் பட்டியல் நமது பிள்ளைகளின் காலம் வரைக்கும் நீளக்கூடியது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த அணி என்எச்எல்-இன் வெற்றிக்கிண்ணமாகிய ஸ்ரான்லி கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967-இல். 2013 முதல் 2025 வரையான காலத்தில் மட்டும் பருவ முடிவில் கிண்ணத்துக்காக ஆடும் பிளே-ஓஃப் தொடர்கள் ஏழினை, முடிவுகட்டும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றிருக்கிறது. அவற்றில் முதலாவதாகிய, பொஸ்ரனுக்கு எதிரான ஆட்டத்தில், மூன்றாவதும் கடைசியுமான பீரியட்டில் 4-1 என்று முன்னணியில் இருந்துவிட்டு, மேலதிக நேரத்தில் 5-4 என்று தோற்றது. இந்தக் கவலையைப் பிள்ளைக்குப் பரம்பரைச் சொத்தாகக் கொடுப்பதா என்பதைப் பெற்றோர்தான் முடிவுசெய்ய வேண்டும். எனது ஆலோசனை, லீஃப்ஸை வீட்டில் தொலைக்காட்சியில் பாருங்கள் என்பதே. வாழ்நாளில் ஒருமுறை, பிள்ளையின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கோ பட்டமளிப்புக்கோ, நேரில் போங்கள். ஆண்டுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆட்டங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவது கோயில் தேரைப் பார்த்துவிட்டு வருவது போன்றது. அதனால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரராகிவிட மாட்டார்.

மார்லீஸ் ஆடுவது எக்ஸிபிஷன் மைதானத்துக்குள் இருக்கும் கொக்கா-கோலா கொலிசியத்தில். 1921-இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடம் பின்னர் புதுப்பிக்கப்பட்டு, இப்போது எண்ணாயிரம் பேர் அளவுக்கு உட்காரும் அரங்காக இருக்கிறது. லேக்ஷோர் வழித்தட கோ ரயிலில் கில்ட்வுட்டிலோ எக்லின்ரனிலோ ஏறுகிறவர்கள் எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கினால் அரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. வார இறுதியில் பிற்பகல் ஆட்டங்கள் கிடைப்பது சிறு பிள்ளைகள் உள்ளோருக்குப் பெரிய வசதி. சீட்டு விலையும் தாங்கக்கூடியது. ஆட்டத்தின் தரமும் குறைவில்லை. என்எச்எல்-இல் இன்று ஆடும் வீரர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் ஏஎச்எல்-இல் ஆடிவிட்டு மேலே போனவர்கள். ஜூனியர் ஆட்டத்தில் அடிக்கடி காணும் சிறுபிள்ளைத்தனமான தவறுகள் இங்கே அரிது. தற்காப்பு ஒழுங்கு, பக்கைக் கைமாற்றும் நிதானம், கோல்காப்பாளர்களின் நிலையெடுப்பு எல்லாம் முதிர்ந்த ஆண்களின் ஆட்டமாகவே இருக்கும்.

அப்படியானால் குறை எங்கே? மேலே சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். மார்லீஸின் ஆட்டம் லீஃப்ஸுக்காக நடக்கிறது. லீஃப்ஸில் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கினால், மறுநாள் மார்லீஸின் சிறந்த முன்வரிசை வீரர் நான்கைந்து கிலோமீற்றர் கிழக்கே போய்விடுவார். நீங்கள் அவருக்காக வாங்கிய சீட்டு கையில் இருக்கும், ஆனால் அவர் இருக்க மாட்டார். 2018-இல் மார்லீஸ் ஏஎச்எல்-இன் கால்டர் கிண்ணத்தை வென்றபோது, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ரெக்ஸாஸை 6-1 என்று தோற்கடித்தார்கள். அந்தப் பிளே-ஓஃப்பின் சிறந்த வீரராகத் தெரிவானவர் அன்ட்ரியாஸ் ஜோன்சன். அதே வசந்தத்தில் லீஃப்ஸ் வெளியேறிய பிறகுதான் அவர் கீழே திரும்பி வந்திருந்தார். மறு பருவத்தில் அவர் மீண்டும் மேலே போய்விட்டார். அதற்கு அடுத்த பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் ஷெல்டன் கீஃபும் லீஃப்ஸின் பயிற்சியாளராக மேலே போனார். வென்ற அணியைக் கொண்டாடும் முன்பே அதைப் பிரித்து எடுத்துவிடும் லீக் இது. இதில் யாருடைய பிழையும் இல்லை. அந்த லீக் இயங்கும் விதமே அதுதான். லீஃப்ஸின் தீவிர இரசிகருக்கு மார்லீஸ் பெரும் விருந்து, ஏனெனில் நாளைய லீஃப்ஸை இன்றே பார்க்கிறார். லீஃப்ஸ் மீது அவ்வளவு பற்று இல்லாதவர், பருவம் முடியும்போது தனது கையில் ஒன்றும் மிஞ்சாததை உணர்வார்.

கொலிசியத்தைப் பற்றிப் பேசும்போது டேவிட் எயர்ஸின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மார்லீஸின் பயிற்சிகளில் கோல்காப்பாளராக நின்று உதவிவந்தவர் அவர். 2004-இல் தாயின் சிறுநீரகத்தைப் பெற்று உயிர் பிழைத்தவர். 2020 பெப்ரவரி 22-ஆம் திகதி, ரொறன்ரோவில் லீஃப்ஸுக்கு எதிராக ஆடிய கரோலைனா அணியின் இரு கோல்காப்பாளர்களும் ஒருவர் பின் ஒருவராகக் காயமடைய, அவசர கோல்காப்பாளராக அரங்கில் இருந்த 42 வயது எயர்ஸ் எதிரணிக்காக இறக்கப்பட்டார். வந்த முதல் இரண்டு அடிகளும் கோலாகின. அதன் பின்னர் வந்த எட்டையும் தடுத்தார். லீஃப்ஸ் 6-3 என்று தோற்றது. தனது பயிற்சிக்கு நின்று பந்து பொறுக்கியவரிடமே தோற்ற அணி என்று என் மைத்துனர் இன்றும் கிண்டல் செய்கிறார். நானும் மறுத்துப் பேசுவதில்லை.

அதே கொலிசியத்தில், அதே இருக்கைகளில், வேறோர் இரவில் செப்ரர்ஸ் ஆடுகிறார்கள். முதல் பருவத்தில், பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்துக்குள் இருக்கும் மாட்டமி அரங்கில் ஆடினார்கள். இடம் போதாமல் போனதால் இரண்டாவது பருவத்திலேயே கொலிசியத்துக்கு வந்துவிட்டார்கள். 2024 பெப்ரவரியில் மொன்றியலுக்கு எதிரான ஆட்டம் ஒன்றை ஸ்கோஷியாபாங்க் அரீனாவில் வைத்தபோது 19,285 பேர் வந்தார்கள். இரண்டு மாதங்களுக்குப் பின் மொன்றியலில் இதே இரு அணிகளும் மோதியபோது 21,105 பேர். இவை இலவசச் சீட்டு கொடுத்து நிரப்பிய கூட்டங்கள் அல்ல.

இங்கே அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை மற்ற எல்லாவற்றையும் விடத் தெளிவானது. செப்ரர்ஸுக்கு மேலே வேறு படி இல்லை. அந்த ஐஸில் நிற்பவர்கள் உலகிலேயே சிறந்த ஆட்டக்காரிகள். அவர்களை வேறு யாரும் மேலே கூப்பிட முடியாது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனடிய அணியைச் சேர்ந்த நற்றலி ஸ்பூனர், ரெனாட்டா ஃபாஸ்ற், பிளேயர் ரேர்ன்புல் மூவரும் இந்த அணியின் முதல் பருவத்திலேயே ஆடியவர்கள். ஸ்பூனர் அந்தப் பருவத்தின் 24 ஆட்டங்களில் 20 கோல்கள் அடித்து லீக்கின் சிறந்த வீராங்கனையானார். உலகத்தின் உச்சத்தை ஜூனியர் ஆட்டத்தின் விலைக்குப் பக்கத்தில் பார்க்கக்கூடிய இடம் இந்த நகரில் இது ஒன்றுதான். இதைச் சொன்னால் சிலர் உடனே "அப்ப மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்கிறார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதே எனது மறுமொழி. உடலால் மோதித் தடுப்பதற்கு ஒலிம்பிக் பெண்கள் ஆட்டத்தில் இருப்பதைவிட இங்கே கூடுதலாக இடம் கொடுக்கிறார்கள் என்பதால், மென்மையான ஆட்டத்தை எதிர்பார்த்துப் போகிறவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே நிமிர்ந்து உட்காருவார்.

விதிகளிலும் இந்த லீக் துணிந்து புதுமை செய்கிறது. தண்டனையால் ஆள் குறைந்து ஆடும் அணி கோல் அடித்துவிட்டால், தண்டனைப் பெட்டிக்குள் இருக்கும் ஆட்டக்காரி உடனே விடுதலையாகிறார். பருவத்தில் முதலிடம் பெறும் அணி பிளே-ஓஃப்பின் முதற்சுற்றில் தனது எதிராளியைத் தானே தெரிவுசெய்யலாம். முதல் பருவத்தில் முதலிடம் பெற்ற ரொறன்ரோ, மினசோட்டாவைத் தெரிவுசெய்தது. முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. மூன்றாவதில் ஸ்பூனர் முழங்காலில் காயமடைந்தார். அடுத்த மூன்றையும் தோற்று வெளியேறியது. ரொறன்ரோ கையைக் காட்டித் தேர்ந்தெடுத்த அதே மினசோட்டாதான் அந்த ஆண்டு இந்த லீக்கின் வோல்ற்றர் கிண்ணத்தை வென்றது. லீஃப்ஸின் சாபம் ஊரோடு ஒட்டியதோ என்று அன்றிரவு நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

செப்ரர்ஸின் குறை எண்ணிக்கை. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் முப்பது ஆட்டங்கள் என்றால், உள்ளூரில் பதினைந்துக்கு மேல் இருக்காது; அவற்றிலும் சில வேறு நகரங்களுக்குக் கொண்டுபோகப்படலாம். ஒலிம்பிக் ஆண்டில் நடுவே நீண்ட இடைவெளி விழும். பனிக்காலம் முழுவதும் ஒன்றுவிட்ட வாரம் ஏதாவது ஓர் ஆட்டத்துக்குப் போய் வரும் பழக்கத்தைக் குடும்பத்தில் உண்டாக்க விரும்புகிறவருக்கு இது மட்டும் போதாது.

இனி ஒஷாவா. இதற்கு முன் ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரொறன்ரோ நகரத்துக்குள் இன்று ஓஎச்எல் அணி எதுவும் இல்லை. ஒரு காலத்தில் லீஃப்ஸின் வளர்ப்புப் பண்ணையாக இருந்த ரொறன்ரோ மார்ல்பரோஸ் 1989-இல் ஹமில்ரனுக்குப் போனது. மார்லீஸ் என்ற பெயர் அதன் நினைவாகவே வந்தது. சென்ற் மைக்கல்ஸ் மேஜர்ஸ் 2007-இல் மிசிசாகாவுக்குப் போய், பெயர் மாறி, 2024-இல் பிரம்ரனுக்குப் போனது. பிரம்ரனில் முன்பு இருந்த பற்றாலியன் அணியோ 2013-இல் நோர்த் பேக்குக் குடிபெயர்ந்துவிட்டது. என்எச்எல் அணியின் நிழலில் ஜூனியர் செடி வளர்வதில்லை. ஒஷாவா, பீற்றர்பரோ, கிச்சனர், லண்டன் போன்ற ஒன்ராறியோ நகரங்களில் அது மரமாக நிற்பதற்குக் காரணம், அங்கே வெள்ளிக்கிழமை இரவுக்கு அந்த அணியே முதன்மையான நிகழ்ச்சியாக இருப்பதுதான். பீற்றர்பரோவிலும் கிச்சனரிலும் அணிகள் தனி முதலாளியிடம் இல்லாமல் ஊராரின் நிர்வாகத்திலேயே இருக்கின்றன. ஆக ஜூனியர் ஆட்டத்தை அதன் சொந்த மண்ணில் பார்க்க வேண்டுமென்றால் நாம் நகரத்தை விட்டு வெளியே போக வேண்டும். நமக்குக் கிட்டிய மண் ஒஷாவா.

பின்னாளில் பெரும் நட்சத்திரமான பொபி ஓர் (Bobby Orr), பதினான்கு வயதில் ஆடத் தொடங்கியது இந்த அணிக்காகத்தான். சூ செயின்ற் மரி அணிக்கு ஆட மாட்டேன் என்று மறுத்த எரிக் லின்ட்ரோஸ் வந்து சேர்ந்ததும், 1990-இல் கனடிய ஜூனியர் ஹொக்கியின் உச்சக் கிண்ணமாகிய மெமோரியல் கிண்ணத்தை வென்றதும் இங்கேதான். ஜோன் தவாரெஸ் வயது வரம்புக்கு ஓராண்டு முன்பே விதிவிலக்காக அனுமதிக்கப்பட்ட முதல் வீரராக 2005-இல் இங்கே வந்தார். 2006-07 பருவத்தில் 72 கோல்கள் அடித்து, பதினாறு வயது வீரர்களுள் வெயின் கிரெற்ஸ்கி வைத்திருந்த 70 கோல் சாதனையை முறியடித்தார்.

ஆனால் ஜூனியர் ஆட்டத்தின் சுவையைச் சொல்ல இந்தப் பெரிய பெயர்களை விடப் பொருத்தமான ஒருவர் இருக்கிறார். அந்தனி சிரெல்லி ஓஎச்எல் டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் நாளில், எந்த அணியாலும் தெரிவுசெய்யப்படாதவர். ஜெனரல்ஸின் பயிற்சி முகாமுக்கு வந்து இடம் பிடித்தார். 2014-15 பருவம் முழுவதும் மத்தியூஸைப் போலவோ தவாரெஸைப் போலவோ யாரும் அவரைப் பேசவில்லை. 2015-இல் கியூபெக் நகரில் நடந்த மெமோரியல் கிண்ண இறுதியாட்டத்தில் கெலோனாவை ஒஷாவா 2-1 என்று மேலதிக நேரத்தில் வென்றபோது, இரண்டு கோல்களையும் அடித்தவர் அவர்தான். அந்தக் கோடையில் என்எச்எல்-இன் ரம்பா அணி அவரை டிராஃப்ட்டின் மூன்றாவது சுற்றில் எடுத்தது. 2020-இலும் 2021-இலும் அவர் ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கினார். அந்தப் பருவம் முழுவதும் ஒஷாவாவில் ஓர் இருக்கை வைத்திருந்தவர், யாரும் கவனிக்காத ஒரு பையனை ஒக்ரோபரிலிருந்து மே வரை வாரந்தோறும் பார்த்திருப்பார். அவன் பக்கை இழப்பதையும், திரும்ப ஓடிவந்து பறிப்பதையும், நான்காவது வரிசையிலிருந்து மேலே வருவதையும். லீஃப்ஸ் அரங்கில் மத்தியூஸ் வரும்போதே முடிந்த ஆளாக வருகிறார். ஒஷாவாவில் ஆள் கண்முன்னே ஆகிறான்.

நான் ஒஷாவாவுக்குத் தொடர்ந்து போகத் தொடங்கிய முதல் ஆண்டில், எனக்கு முன்வரிசையில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு முதிய பெண்மணி தனியாக வந்து உட்காருவார். குறிப்பிட்ட ஒரு பின்வரிசை ஆட்டக்காரன் தண்டனைப் பெட்டிக்குப் போகும்போதெல்லாம் கைப்பையை மடியில் இறுக்கிக்கொள்வார். ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். அந்தப் பையன் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறான் என்றார். வடக்கே ஏழு மணி நேரப் பயணத் தூரத்தில் அவனுடைய தாய்தகப்பன். ஜூனியர் வீரர்கள் இப்படித்தான், அணி ஒழுங்குசெய்யும் குடும்பங்களின் வீடுகளில் தங்கி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறார்கள். "நாளைக்கு வேதியியல் பரீட்சை. இரண்டு மணிக்குத்தான் படுத்தான், அதுதான் கால் ஓடவில்லை" என்றார் அவர், அடுத்த தண்டனைக்கு விளக்கமாக. ஜூனியர் லீக் யாருக்காக நடக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பெண்மணி ஒரு விடையாக எனக்குத் தோன்றினார். வீரர்கள் எல்லோருடைய கண்ணும் என்எச்எல் மீதுதான் என்றாலும், அணியின் வெற்றியும் தோல்வியும் அந்த ஊருக்கே சேர்கின்றன. பருவத்தின் நடுவே ஒரு மேலணி வந்து ஆளை எடுத்துப்போக முடியாது.

எடுத்துப்போக முடியாது என்பதற்குப் பின்னால் ஒரு விதியும் இருக்கிறது. கனடிய ஜூனியர் லீக்குகளிலிருந்து டிராஃப்ட்டில் எடுக்கப்பட்ட வீரரை, இருபது வயதுக்கு முன் ஏஎச்எல்-க்கு அனுப்ப முடியாது என்பது நெடுநாளாக இருந்துவந்த ஏற்பாடு. ஒன்று அவர் என்எச்எல்-இல் ஆட வேண்டும், இல்லையேல் ஜூனியருக்குத் திரும்ப வேண்டும். 2015-16 பருவத்தில் லீஃப்ஸ் வைத்திருந்த இரு இளைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுவீடனிலிருந்து வந்த வில்லியம் நைலாண்டருக்கு இந்த விதி பொருந்தாததால் அவர் மார்லீஸில் ஆடினார். மார்க்கத்தில் பிறந்த மிச் மார்னருக்கு அது பொருந்தியதால் அவர் லண்டன் நைற்ஸுக்குத் திரும்பி, அந்த ஆண்டின் மெமோரியல் கிண்ணத்தை வென்று, தொடரின் சிறந்த வீரராகவும் ஆனார். அந்த விதியால் இலாபமடைந்தவர்கள் லண்டன் இரசிகர்கள். பின்னாளில் லீஃப்ஸின் இன்னொரு முதற்சுற்றுத் தெரிவாகிய ஈஸ்ரன் கவனும் 2025-இல் அதே நைற்ஸ் அணியோடு கிண்ணத்தை வென்று, அதே விருதைப் பெற்றார். 2024-இலும் 2025-இலும் ஓஎச்எல் இறுதித் தொடரில் அந்த நைற்ஸிடம் தோற்றது எங்கள் ஒஷாவா என்பதை வருத்தத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

ஜூனியருக்கு எதிராகச் சொல்ல வேண்டியவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஆட்டத்தின் தரம் சீராக இராது. ஒருநாள் 7-6 என்று முடியும். மறுநாள் பார்க்கச் சகிக்காத 6-0. அணிகள் மூன்று நான்கு ஆண்டுச் சுழற்சியில் எழுந்து விழுகின்றன. கிண்ணத்துக்குக் குறிவைக்கும் ஆண்டில் எதிர்காலத்தை விற்று மூத்த வீரர்களை வாங்குவார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் வறட்சி. மிக நெருடலானது, பள்ளிப் பையன்களை ஜனவரி மாதத்தில் ஊர்விட்டு ஊருக்குக் கைமாற்றுவது. ஒஷாவாவின் செல்லப்பிள்ளையான தவாரெஸையே 2009 ஜனவரியில், பதினெட்டு வயதில், லண்டனுக்கு அனுப்பினார்கள். வீரர்களுக்கு ஊதியம் இல்லை, சிறு கைச்செலவும், ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஈடாகப் பல்கலைக்கழகக் கட்டணமும்தான். குறைந்தபட்ச ஊதியம் கோரி 2014-இல் தொடங்கிய வழக்கு, 2020-இல் 3 கோடி டொலர் உடன்பாட்டுக்கு வந்தது. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே சீட்டு வாங்குகிறோம் என்பதை நமக்கு நாமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கனடிய ஜூனியரில் ஆடியவர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியில் ஆட முடியாது என்ற தடை 2025 ஓகஸ்ற் 1 முதல் நீங்கியது. மேற்குக் கனடாவின் ஜூனியர் அணியாகிய மெடிசின் ஹற்றின் நட்சத்திரமாக இருந்த கவின் மக்கென்னா பதினேழு வயதிலேயே பென் ஸ்ரேற் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். முன்பு பத்தொன்பது வயது வரை பார்க்கக் கிடைத்த சிறந்த வீரர்கள் இனிமேல் பதினெட்டில் போய்விடலாம். அதே வாசல் வழியாக, முன்பு ஜூனியருக்கு வரத் தயங்கிய அமெரிக்கப் பையன்கள் இப்போது வருகிறார்கள் என்பதால், இழப்பு மட்டுமே என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் யார் எதைத் தெரிவுசெய்வது? லீஃப்ஸின் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் மனப்பாடமாகச் சொல்லும் பதின்பருவப் பிள்ளை வீட்டில் இருந்தால், மார்லீஸே சரி. அவன் தனக்குத் தெரிந்த பெயர்களை உடம்போடு பார்ப்பான். கார் இல்லாதவர்களுக்கும் கொலிசியமே பொருத்தம், ஏனெனில் ஒஷாவா கோ நிலையம் அந்நகரின் மையத்தில் இல்லை. அரங்குக்கு அங்கிருந்து பஸ் எடுக்க வேண்டும், இரவில் திரும்பும்போது சிரமம். ஹொக்கியே புதிதாக இருக்கும் குடும்பம், அண்மையில் நாட்டுக்கு வந்தவர்கள், விதிகளை இன்னும் அறியாத தாத்தா பாட்டியோடு போகிறவர்கள் செப்ரர்ஸில் தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். ஆட்டம் உயர்ந்த தரம், கூட்டம் நட்பானது, குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் குறைவு; பக்கத்து இருக்கையில் இருப்பவரும் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளாகத்தான் வருகிறவர் என்பதால், புதியவர் என்ற கூச்சம் வராது.

மற்றவர்களுக்கு, அதாவது காரும் பள்ளிப் பிள்ளைகளும் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய நிலைமையும் கொண்ட ஸ்காபரோ, ஏஜாக்ஸ், பிக்கரிங் குடும்பங்களுக்கு, ஒஷாவாவில் அரைப்பருவச் சீட்டும், கூடவே செப்ரர்ஸ் ஆட்டம் இரண்டு மூன்றும் என்பதே எனது தெரிவு. ஓஎச்எல்-இல் உள்ளூர் ஆட்டங்கள் 34. அவற்றில் பாதியென்றால் செப்ரெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மாதத்துக்கு இரண்டு மூன்று வரும். பிள்ளைகள் வீரர்களின் பெயர்களை வீட்டில் சொல்லத் தொடங்க அவ்வளவு வேண்டும். ஜெனரல்ஸ் பெரும்பாலும் வெள்ளி இரவிலும் ஞாயிறு மாலையிலும் ஆடுகிறார்கள். வெள்ளி மாலை ஐந்து மணிக்குக் கிழக்கே போகும் 401 எப்படியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதல் பீரியட் முடிந்த பிறகு போய்ச் சேருவதில் பொருளில்லை. ஞாயிறு ஆட்டங்களையே கேட்டு வாங்குங்கள். நத்தாருக்கு முந்திய ஒரு நாளில், உள்ளூர் அணியின் முதல் கோலுக்கு எல்லோரும் பொம்மைகளை ஐஸ் மீது எறியும் ஆட்டம் ஒன்று வரும். 1993-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில் தொடங்கிய வழக்கம் அது. எறிந்த பொம்மைகள் வசதியில்லாத பிள்ளைகளுக்குப் போகும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுங்கள்.

இருக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்கள் கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசைக்கு ஆசைப்படுகிறார்கள். உடல்கள் கண்ணாடியில் மோதும் சத்தம் பிள்ளைகளைச் சிலிர்க்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பது அங்கிருந்து தெரியாது. பத்தாம் வரிசை அளவில், மூலைக்குச் சற்று உள்ளே எடுத்தால், ஓர் ஆட்டக்காரன் பக்கைக் கைமாற்றுவதற்கு முன் தலை நிமிர்ந்து பார்க்கிறானா என்பதைக்கூடக் காணலாம். சீட்டு வாங்கும்போது, எங்கள் அணி இரண்டு பீரியட்கள் தாக்கும் முனை எது என்று கேளுங்கள். முதலாவதிலும் மூன்றாவதிலும் ஜெனரல்ஸ் ஒரே பக்கமாகத்தான் கோல் அடிக்க வருவார்கள். விலை இரு முனைக்கும் ஒன்றுதான்.